அத்தியாயம் 7: ஃப்ளீஸ் போர்வைக்கு ஓரம் கட்டுதல்

ஃப்ளீஸ் துணியை எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. இதனாலேயே கையால் போர்வை தைக்கத் தொடங்குகிறவர்களில் சிலர் ஓரத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் பருத்தித் துணிக்குப் பழகிய கையோடு பைப்பிங் வைத்துத் தைக்கிறார்கள். நாலைந்து சலவைக்குள் முதலாவது போர்வையின் ஓரம் நீண்டு அலையலையாகத் தொங்கும். இரண்டாவதன் ஓரம் சுருங்கி நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். ஓரம் கட்டுவது நூல் பிரியாமல் இருக்கத்தான் என்ற ஒரே எண்ணத்திலிருந்து வருபவைதான் இரண்டு பிழைகளும். நெசவுத் துணிக்கு அது சரி. ஃப்ளீஸின் ஓரத்துக்கு வேறு மூன்று வேலைகள் இருக்கின்றன: துணி தன் அளவைத் தாண்டி நீளாமல் பிடிக்க வேண்டும், இரண்டு அடுக்குகளை ஒன்றாக வைத்திருக்க வேண்டும், வெட்டிய முனையை வெளியே தெரியாமல் உள்ளே ஒடுக்க வேண்டும். இம்மூன்றையும் சேர்த்துச் செய்யும் எளிய வழி, ஃப்ளீஸையே உள்நோக்கி மடித்து, துணியோடு சேர்ந்து நீளக்கூடிய தையலால் பிடிப்பதுதான். ஏன் இந்த முறை, எப்படிச் செய்வது, எங்கே இதை விட்டு விலகலாம் என்பவற்றை இந்த அத்தியாயம் சொல்கிறது.

துணியின் கட்டமைப்பிலிருந்து தொடங்குவோம். ஃப்ளீஸ் நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. பனியன் துணியைப் போல வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த அமைப்பு. அதன் பரப்பைக் கம்பித் தூரிகையால் கீறி மயிர் எழுப்பிச் சமன்செய்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த மால்டன் மில்ஸ் ஆலை 1979-இல் உருவாக்கிய பாலியஸ்டர் துணிதான் இன்று உலகமெங்கும் விற்கும் ஃப்ளீஸுக்கு முன்னோடி. கீறி எழுந்த மயிர்கள் வளையங்களைச் சுற்றிப் பின்னிக்கொள்வதால் வெட்டிய இடத்தில் வளையம் எளிதில் கழன்று ஓடாது. நூல் பிரியாததன் காரணம் இதுவே. ஆனால் வளையம் கழலாது என்பதும் வளையம் நீளாது என்பதும் ஒன்றல்ல. அகலவாக்கில் இழுத்தால் ஃப்ளீஸ் நன்றாக நீளும், நீளவாக்கில் குறைவாக நீளும். நடுப்பகுதியில் ஒவ்வொரு வளையத்தையும் நான்கு பக்கமும் அண்டை வளையங்கள் பிடித்திருக்கின்றன. ஓரத்து வளையத்துக்கு ஒரு பக்கத்தில் பிடிப்பே இல்லை. எனவே இழுப்பு எங்கே விழுந்தாலும் முதலில் உருக்குலைவது ஓரம்தான்.

அந்த இழுப்பு எவ்வளவு விழும் என்பது போர்வை எங்கே பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் ஷிஃப்ட் வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்களின் அறைகளை எண்ணிப் பாருங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதி மட்டுமே 18,720 பெண்கள் தங்கும் அளவுடையது. இதைத் தவிரத் தனியார் விடுதிகளும் வாடகை அறைகளும் சுற்றுவட்டாரக் கிராமங்கள் வரை பரவியிருக்கின்றன. பலர் சேர்ந்து வாழும் அறையில் போர்வை எடை குறைவாக இருக்க வேண்டும், சின்ன இடத்தில் மடங்க வேண்டும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலும் விரைவில் உலர வேண்டும். பாலியஸ்டர் இழை தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் ஃப்ளீஸ் இங்கே பொருத்தமான துணி. அதே சமயம் இழைகளுக்கு இடையில் நிறையத் தண்ணீர் தங்கும். வாளியிலிருந்து தூக்கும்போதும், பிழியும்போதும், மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடும்போதும் அந்த எடை முழுவதையும் தாங்குவது ஓரம். கட்டிலில் விரித்து வைத்திருக்கும் அலங்காரப் போர்வைக்குப் போதுமான ஓரம் இங்கே போதாது.

ஓரத்தை உள்ளே ஒடுக்க வேண்டும் என்பதற்கு நீட்சி மட்டும் காரணமில்லை. பாலியஸ்டர் துணி ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளை உதிர்க்கிறது. மயிர் எழுப்பிய ஃப்ளீஸ் சாதாரணத் துணியைவிட அதிகம் உதிர்க்கிறது. ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கத்தரியால் வெட்டிய பாலியஸ்டர் துணி, லேசரால் வெட்டி விளிம்பு உருகி ஒட்டிய துணியைவிடப் பல மடங்கு நுண்ணிழை உதிர்த்தது தெரியவந்தது. வெட்டும்போது துண்டுபட்ட குட்டை இழைகள் முனையில் சிக்கி நின்று, தண்ணீரில் அலசும்போது வெளியேறுவதே இதற்குக் காரணம். சலவை நீர் எங்கே போகிறது என்று கேட்டால் இந்தப் பகுதியில் அதன் கனம் புரியும்: வாய்க்காலும் ஏரியும் நிறைந்த நிலம் இது, பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. மடித்துத் தைப்பதால் உதிர்வு முழுவதும் நின்றுவிடாது. ஆனால் அதிகம் உதிர்க்கும் முனை நான்கு பக்கமும் திறந்து கிடப்பதைவிட இரண்டு அடுக்குக்கு நடுவில் அடங்கியிருப்பது மேல்.

அப்படியானால் மெழுகுவத்திச் சுடரில் ஓரத்தைக் காட்டி உருக்கிவிடலாமே என்று கேட்கலாம். ரிப்பன் முனைக்கும் நைலான் கயிற்றுக்கும் அப்படிச் செய்வது உண்டு. ஃப்ளீஸில் செய்யக் கூடாது. எழுந்து நிற்கும் மயிரில் தீ சட்டென்று ஓடும். உருகிய பாலியஸ்டர் கையில் சொட்டினால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். தப்பினாலும் ஓரம் கடினமான மணிகளாக இறுகி, தூங்குகிறவரின் கழுத்தையும் கன்னத்தையும் உரசும். இஸ்திரிப் பெட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாலியஸ்டர் உருகுவது சுமார் 250 டிகிரி செல்சியஸில்தான் என்றாலும், அதற்கு வெகு கீழேயே மயிர் படிந்து பளபளப்பாகிவிடும். ஃப்ளீஸ் ஓரத்தில் மடிப்பைக் கையால் அழுத்திக் கிளிப் போட்டு நிறுத்த வேண்டும், சூடு தேவையில்லை.

பழகிய முறைகளும் அவற்றின் எல்லையும்

பருத்தி அல்லது சாட்டின் துணியில் பட்டி வெட்டி ஓரத்தைச் சுற்றித் தைப்பது அழகான முறை. கடையில் வாங்கும் போர்வைகளிலும் அதைப் பார்க்கிறோம். அதை ஏன் முதல் தெரிவாகச் சொல்லவில்லை என்றால், இரண்டு துணிகளின் குணமும் ஒத்துப்போவதில்லை. சலவை செய்யாத பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 அங்குலப் பக்கத்தில் அது ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குலம். ஃப்ளீஸ் சுருங்காது. அந்த இரண்டே முக்கால் அங்குல ஃப்ளீஸ் போக இடமில்லாமல் ஓரத்தை ஒட்டிக் கொசுவமாக நிற்கும். பட்டியை நேராக வெட்டினால் கொஞ்சமும் நீளாது. கிராஸாக வெட்டினால் நீளும், ஆனால் நீண்ட இடத்தில் குறுகி வளையும். பட்டிதான் வேண்டும் என்பவர்கள் அந்தத் துணியை இரண்டு முறை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகு 45 டிகிரி சாய்வில் வெட்டட்டும். அதைவிட எளிது, பனியன் துணியிலோ அதே ஃப்ளீஸிலோ பட்டி வெட்டுவது. ஃப்ளீஸ் பட்டி என்றால் அகலவாக்கில் வெட்டுங்கள். அதிகம் நீளும் திசை பட்டியின் நீளத்தில் அமையும்.

பக்கத்துத் தையல் கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்பது வலுவான மறுப்பு. மூன்று நூல் ஓவர்லாக் தையல் பின்னல் துணிக்கு ஏற்றதுதான். திருப்பூரின் பனியன் தொழிலே அதன்மேல் நிற்கிறது. ஆனால் பின்னலாடை ஆலைகளில் துணியை முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தும் ஓவர்லாக் இயந்திரங்கள் உண்டு. அந்த வசதியால் ஓரம் நீளாமல் போகிறது. அது இல்லாத சிறிய இயந்திரத்தில் தடித்த இரண்டு அடுக்கு ஃப்ளீஸை ஓட்டினால், துணி இழுபட்ட நிலையிலேயே தைக்கப்பட்டு ஓரம் அலையாகும். மேலும் ஓவர்லாக்கின் சங்கிலி ஒரு முனையில் அறுந்தால் அங்கிருந்து கழன்று வரக்கூடும், அதைச் சரிசெய்ய மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். ஒற்றை அடுக்குக் குழந்தைப் போர்வைக்கோ, பிறகு உள்ளே மடிக்கப்போகும் ஓரத்துக்கோ ஓவர்லாக் அடித்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டு அடுக்குப் போர்வையின் இறுதி ஓரமாக அதை நம்ப வேண்டாம்.

தைக்கவே தெரியாதவர்களுக்கு என்று சொல்லப்படும் முடிச்சுக் குஞ்ச முறையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60-க்கு 90 அங்குலப் போர்வையின் சுற்றளவு 300 அங்குலம். நான்கு மூலையிலும் நான்கு அங்குலச் சதுரத்தை வெட்டியெடுத்து, ஓரமெங்கும் நான்கு அங்குல ஆழத்தில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டு, மேல் கீழ்த் துண்டுகளை முடிந்தால் ஏறத்தாழ 268 முடிச்சு. ஒவ்வொரு வெட்டும் எட்டு அங்குல வெட்டுமுனையை உண்டாக்குகிறது. ஆக, 300 அங்குலமாக இருந்த வெட்டுமுனை ஒவ்வொரு அடுக்கிலும் 2,400 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. எந்த முனையை ஒடுக்க வேண்டும் என்று மேலே சொன்னோமோ அதையே எட்டு மடங்காக்கும் முறை இது. முடிச்சுகள் ஈரத்தைப் பிடித்துவைத்து மழைக்காலத்தில் உலராமல் கிடக்கும். கைக்குழந்தை படுக்கும் போர்வையில் தொங்கும் குஞ்சம் வைக்கவே கூடாது.

உள்மடிப்பு ஓரம்: ஏன் இது பொருந்துகிறது

இந்த முறைக்கு நம் அண்டை மாநிலத்திலேயே உறுதியான சான்று இருக்கிறது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஹளியாள், யெல்லாப்பூர் பகுதிகளில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் பழைய சேலைகளையும் துணித் துண்டுகளையும் கொண்டு கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்குகிறார்கள். வெளி ஓரத்தை மடித்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். துண்டுகளின் விளிம்புகள் போகப்போக உள்ளே மடிந்து அடங்குகின்றன. தனியாக ஓரப் பட்டி கிடையாது. தினமும் விரித்து, மடித்து, துவைக்கும் போர்வை அது. ஓரத்தைக் கடைசியில் ஒட்டும் அலங்காரமாக எண்ணாமல், போர்வையின் அளவைத் தீர்மானிக்கும் சட்டமாக முதலில் அமைக்கும் சிந்தனையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் பயன்படுத்துவது நீளாத நெசவுத் துணி. நீளும் ஃப்ளீஸுக்கோ அந்தச் சிந்தனை இன்னும் அதிகமாகத் தேவை.

இன்னொரு சான்று இந்தத் தொழிற்பகுதியிலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் கார் உற்பத்தி தொடங்கியது. எந்தக் காரின் துணி இருக்கையையும் உற்றுப் பாருங்கள்: வெட்டிய முனை ஒன்றுகூடக் கண்ணில் படாது. துண்டுகளை இணைத்த இடத்தில் முனைகள் உள்ளே போயிருக்கும். பல இருக்கைகளில் இணைப்பை ஒட்டி மேலாக இன்னொரு தையல் வரிசை ஓடி, உள்ளே போன மடிப்பை அசையாமல் பிடித்திருக்கும். நூல் தடித்தது, தையல் நீளமானது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழும் இழுப்பைத் தாங்க வேண்டிய துணிக்கு இப்படித்தான் தைக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: முனை உள்ளே, வரிசை இரண்டு, தையல் நீளம்.

செய்முறை

முதலில் துணியை அறியுங்கள். ஓரத்துத் துணுக்கு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலே வைத்துக் கொளுத்துங்கள். உருகிக் கெட்டியான மணியாக இறுகினால் பாலியஸ்டர் ஃப்ளீஸ். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி; திருப்பூரில் ஃப்ளீஸ் என்று விற்பதில் ஒரு பகுதி, பின்புறம் மட்டும் மயிர் எழுப்பிய பருத்திப் பின்னல் துணிதான். அதில் முனை சுருளும், வளையம் கழலும், துணியும் சுருங்கும். எனவே அதை முன்கூட்டியே அலசி, கீழே சொல்லும் மடிப்பை இருமுறை மடிக்க வேண்டும். பாலியஸ்டரில் ஒரு மடிப்பு போதும். அடுத்து, துணியின் இரண்டு கரைகளையும் வெட்டி நீக்குங்கள். ஆலையில் ஊசிகளில் மாட்டி உலர்த்திய துளைகள் அங்கே இருக்கும், அந்தப் பட்டை நடுப்பகுதியைப் போல நீளவும் செய்யாது. அகலவாக்கில் பத்து சென்டிமீட்டரைக் குறித்து மெல்ல இழுத்து எவ்வளவு போகிறது என்று அளந்து வையுங்கள். பன்னிரண்டு வரை போனால், உங்கள் தையலும் பன்னிரண்டு வரை போக வேண்டும்.

இரண்டு அடுக்கையும் அதிகம் நீளும் திசை ஒன்றாக வரும்படி, அதிகம் நீளாத திசை போர்வையின் நீளப் பக்கமாக அமையும்படி தரையில் விரியுங்கள். கட்டிலில் விரித்தால் தொங்கும் பகுதி இழுத்துவிடும். இப்போது அகலத்தை ஓரத்தில் அளக்காமல் நடுவில் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் நீண்டிருக்கக்கூடும் என்பதால் நடுவின் அளவே சரியான அளவு. நடு 60 அங்குலமும் ஓரம் 61 அங்குலமுமாக இருந்தால், ஓரத்தை நான்காகப் பகுத்துக் குறித்து, ஒவ்வொரு பகுதியிலும் கால் அங்குலத்தைக் கிளிப்புகளுக்கு இடையே பரவலாக அடக்குங்கள். போர்வை அலையடிப்பதும் அடிக்காததும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. நீளப் பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள்.

மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரிய மூலையில் இரு திசை மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழ, இரண்டு துணியும் சேர்ந்து எட்டு அடுக்காகிக் கல்லாக நிற்கும், ஊசி ஏறாது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்டு வெட்டினால் போதும். மடிக்கும் விளிம்பில் அரை அங்குல ஆழத்தில் சிறு முக்கோண வெட்டுகள் போட்டால் வளைவில் மடிப்பு நெருக்கடியின்றிப் படியும். நெசவுத் துணியில் தயங்கிச் செய்ய வேண்டிய இதை, பிரியாத ஃப்ளீஸில் துணிந்து செய்யலாம்.

இரண்டு அடுக்கின் ஓரத்தையும் இரண்டு சென்டிமீட்டர் உள்நோக்கி மடித்து, மடிப்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு துணிக் கிளிப் போடுங்கள். குண்டூசி மயிருக்குள் மறைந்து தங்கிவிடும் என்பதால் கிளிப்பே பாதுகாப்பு. துணி மிகத் தடித்ததாக இருந்து நான்கு அடுக்கில் ஊசி ஏறவில்லை என்றால், மேல் அடுக்கை எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் சிறியதாக வெட்டி, கீழ் அடுக்கை மட்டும் அதன்மேல் மடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை வெளியே தெரியும். கீழே சொல்லும் கம்பளித் தையலின் கால்களை அந்த முனையைத் தாண்டும் அளவுக்கு நீளமாக எடுத்து அதைப் பிடித்துவிட வேண்டும்.

ஓரத்துக்குக் கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிட்ச்) போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழம், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு தையலும் விளிம்பில் ஒரு வளையமாகக் கோத்துக்கொள்வதால், துணி நீளும்போது வளையங்களும் கொஞ்சம் இடம் கொடுக்கும். விளிம்பு நூலைத் துணியின்மேல் படியவிடுங்கள். இறுக்கினால் அந்த நெகிழ்வு போய்விடும். பத்துத் தையலுக்கு ஒருமுறை ஓரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். துணிக்கு முன்னால் நூல் விறைத்தால் அந்தப் பத்தையும் தளர்த்துங்கள். பெரிய கண்ணும் கூர்முனையும் உள்ள எம்பிராய்டரி ஊசி வேண்டும். 300 அங்குலச் சுற்றுக்கு ஏறத்தாழ 760 தையலும் சுமார் 27 மீட்டர் நூலும் ஆகும். எட்டு மீட்டர் எம்பிராய்டரி நூல்கண்டை ஆறு இழையாகவே பயன்படுத்தினால் நான்கு கண்டு. ஒரு கண்டு கூடுதலாக வாங்கினால் பின்னாளில் பழுது பார்க்க உதவும். நூலை முழ நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள். மயிரில் உரசி நைந்துபோகும். முனைகளை முடிச்சிட்டு வெளியே விடாமல் இரண்டு அடுக்குக்கு நடுவில் இரண்டு அங்குலம் ஓட்டி மறையுங்கள். பிறகு விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில் தளர்வான ஓட்டுத்தையலாக இரண்டாம் வரிசை போடுங்கள். உள்ளே மடிந்த முனை சலவையில் திரும்பி உருளாமல் தடுப்பது இந்த வரிசைதான்.

இயந்திரம் இருப்பவர்கள் இரண்டாம் வரிசையை அதில் போடலாம். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் நேர்த்தையல் மட்டும் போடுபவை, அதுவே போதும். தையல் நீளத்தை நான்கு மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள், பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், பாலியஸ்டர் நூலும் பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசியும் போடுங்கள். பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள். முடித்ததும் பாபின் பெட்டியில் சேரும் பஞ்சைத் தூரிகையால் துடைத்தெடுங்கள்.

ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு 760 கைத்தையல் போட ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. இந்த வேலைக்கு மேசையும் மின்சாரமும் ஒரே மூச்சில் உட்காரும் பொழுதும் தேவையில்லை என்பதே அதற்குப் பதில். கிளிப் போட்டு முடித்துவிட்டால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த இடத்திலும் தொடரலாம். ஒரு நாளைக்கு ஒரு முழம் போட்டால்கூட ஒரு மாதத்துக்குள் சுற்று முடிந்துவிடும். பழுதானால் அறுந்த இடத்தில் மட்டும் ஊசியும் நூலும் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். இயந்திரம் வைக்க இடமில்லாத அறையில் வாழ்கிறவருக்குத் தன் கையாலேயே தொடங்கி, முடித்து, பழுதும் பார்க்கக்கூடிய முறையே வசதியான முறை.

போர்வையில் கைவைக்கும் முன் அதே துணியில் ஒரு சாண் நீளத்துக்கு மாதிரி தைத்து, அலசிக் காயவையுங்கள். பத்து சென்டிமீட்டரை நீங்கள் முன்பு அளந்த அளவுக்கு இழுத்து விடுங்கள். நூல் அறுந்தால் தையல் இறுக்கம், அல்லது நீளம் போதவில்லை. விட்டபின்னும் ஓரம் அலையாக நின்றால் தைக்கும்போது துணியை இழுத்திருக்கிறீர்கள். ஓரம் உள்வாங்கிச் சுருண்டால் நூலைத் தளர்த்த வேண்டும். முனை வெளியே உருண்டு வந்தால் இரண்டாம் வரிசை மடிப்பைப் பிடிக்கவில்லை; அதை விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவாருங்கள். இந்த நான்கும் இல்லாமல் மாதிரி தன் அளவுக்குத் திரும்பினால், அதே ஊசி, அதே நூல், அதே இடைவெளியோடு போர்வையில் தொடங்கலாம்.